பட்டறைப் பக்கம்: இரும்படிக்கக் கற்பதும் கற்றுக்கொடுப்பதும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கொல்லர் தொழிலை எப்படிக் கற்பது, கற்றபின் அதை வைத்துப் பிழைக்க முடியுமா, மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது. முப்பது வருடத்துக்கு மேல் உலை முன்னால் நிற்கிறேன், அதில் பாதிக் காலம் மாணவர்களோடு. அதிலிருந்து தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: வயது 24. அலுவலக வேலையில் மனம் ஒட்டவில்லை. கொல்லர் தொழிலை முறையாகக் கற்க வேண்டும். எத்தனை வருடம் ஆகும்? முதலில் எதைச் செய்து பழகுவது?

தம்பி, ஜெர்மனியில் உலோக வேலைக்கான தொழிற்பயிற்சிக் காலம் மூன்றரை வருடம். அதற்குப் பிறகு மாஸ்டர் தேர்வு தனி. என் அனுபவமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு வருடத்தில் கை பழகும், மூன்று நான்கு வருடத்தில் கேட்ட பொருளைக் கேட்ட அளவில் செய்து கொடுக்கலாம். இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள், கரி அள்ளுங்கள், உலையைக் கூட்டுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தீர்கள் என்றால் அப்புறம் யோசிக்கலாம்.

வருகிறவர்கள் எல்லோரும் கத்தியில் ஆரம்பிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நான் ஆணி கொடுப்பேன். 6 மில்லிமீட்டர் சதுரக் கம்பியில் ஒரே காய்ச்சலில், அதாவது ஒரு முறை உலையில் சூடாக்கி எடுத்ததிலேயே, ஒரு ஆணி. கூர் இழுக்க வேண்டும், தலைக்குக் கீழே தோள் விட வேண்டும், முக்கால்வாசி அறுத்து, ஆணித்தலை அமைக்கிற துளைத்தகட்டில் இறக்கி, ஒடித்து, தலையைப் பரப்ப வேண்டும், எல்லாம் சிவப்பு அடங்குவதற்குள். முதல் நாளில் மூன்று நான்கு காய்ச்சல் பிடிக்கும். நூறாவது ஆணிக்கு வரும்போது உங்களுக்கே தெரியாமல் காலை எங்கே வைப்பது, இரும்பைப் பிடிக்கிற குறட்டை எப்போது திருப்புவது எல்லாம் படிந்திருக்கும்.

கூர் இழுப்பதில் எல்லோரும் செய்கிற ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். உருண்டைக் கம்பியை உருண்டையாகவே உருட்டி உருட்டி அடிப்பார்கள். பார்க்க நன்றாக வருவதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே நடுப்பகுதி பிளக்க ஆரம்பித்திருக்கும், கடைசியில் முனை மீன் வாய்போல் இரண்டாகத் திறந்துகொள்ளும். முதலில் சதுரம், சதுரத்திலேயே கூர், அப்புறம் நான்கு விளிம்பையும் தட்டி எட்டுப்பட்டை, கடைசியில்தான் உருண்டை. முனை சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் ஒவ்வொரு காய்ச்சலிலும் முதல் அடி முனைக்கு. இதை மாணவரிடம் வாயால் சொல்வதைவிட, பிளந்த முனையை அறுத்துக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. என் பட்டறையில் அதற்கென்றே ஒரு டப்பா நிறைய பிளந்த முனைகள் வைத்திருக்கிறேன்.

கேள்வி: நான் மெலிந்த உடல்வாகு உள்ள பெண். இரண்டு மாதமாகப் பழகுகிறேன், வகுப்பு முடிந்தால் தோளும் முழங்கையும் வலிக்கின்றன. இந்த வேலை எனக்கு ஆகாதோ என்று பயமாக இருக்கிறது.

வலிக்கிற இடத்தை எழுதியதற்கு நன்றி அம்மா, அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். தோளும் முழங்கையும் வலித்தால் மூன்று இடத்தில் பாருங்கள். ஒன்று, இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக்கல்லின் உயரம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால் விரல் மொட்டுகள் கல்லின் மேல்மட்டத்தைத் தொட வேண்டும். வகுப்பில் ஒரே உயரக் கல்லை எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். கல் உயரமாக இருந்தால் தோளைத் தூக்கித்தான் அடிக்க வேண்டியிருக்கும், காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டாலே சரியாகிவிடும். இரண்டு, சுத்தியலின் எடை. ஆரம்பத்தில் 800 கிராம் போதும். ஒன்றரை கிலோ சுத்தியலைக் கொடுத்து வீரம் பேசுகிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கோபம் வருகிற விஷயம். மூன்றாவது பிடி. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் முழங்கைக்கு ஏறும். சுத்தியல் கீழே படும் நேரத்தில் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும், கல் அதைத் திருப்பித் தரும், நீங்கள் அதை ஏந்திக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் மாற்றியும் வலி நிற்கவில்லை என்றால் இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து மருத்துவரைப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்காதீர்கள். உடம்பின் பலம் இந்த வேலையில் பின்னால் வருகிற விஷயம், சரியான சூட்டில் எடுத்த இரும்பு சின்ன அடிக்கே இடம் கொடுக்கும். என்னிடம் படித்தவர்களில் இரும்பில் மிகச் சுத்தமாக இலை வடிவம் அடிக்கிறவர் உங்களைப் போலவே மெலிந்தவர்தான்.

கேள்வி: சூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், "அனுபவத்தில் வரும்" என்கிறார் ஆசிரியர். எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் என் உளி ஒன்று வளைகிறது, இல்லாவிட்டால் உடைகிறது.

அனுபவத்தில் வரும் என்பது உண்மைதான். ஆனால் அது பதில் ஆகாது. உங்கள் ஆசிரியர் நிறம் பார்க்கிறார், பார்த்த நிறத்துக்கு அவரிடம் சொல் இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் மாணவர் என்னிடம் "இப்போது ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டபோது வாய் அடைத்துப்போய் நின்றேன். அன்று ராத்திரி தனியாக உலை மூட்டி, ஒரு கம்பியைக் காய்ச்சிக் காய்ச்சி எடுத்து, எந்த நிறத்தில் கை தானாகக் குறட்டை இழுக்கிறது என்று கவனித்தேன். கற்றுக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் கை என்ன செய்கிறது என்பது எனக்கே தெரிய வந்தது.

முதலில் உலையைக் கூரைக்கடியில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் கறுப்பாகத் தெரிகிற கம்பி நிழலில் மங்கிய சிவப்பாக இருக்கும். தினம் ஒரே வெளிச்சம் இல்லாமல் கண்ணுக்குக் கணக்குப் பிடிபடாது. சாதாரண இரும்பை ஆரஞ்சிலிருந்து மஞ்சள்வரை அடிக்கலாம், ஏறக்குறைய 950லிருந்து 1,200 டிகிரி செல்சியஸ். மங்கிய சிவப்புக்கு வந்துவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி உலைக்குள் வையுங்கள். வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம், அந்தப் பகுதியை அறுத்துப் போட வேண்டியதுதான். இன்னொன்று, நீலம் பூக்கிற 200, 300 டிகிரிச் சூட்டில் அடிக்கவே கூடாது. ஆறிவிட்டதே, லேசாகத் தட்டி நேராக்கலாம் என்று அடித்தால் விரிசல் விடும்.

இப்போது உளி. கார்பன் அதிகம் உள்ள எஃகாக இருக்க வேண்டும், கட்டிடக் கம்பியில் உளி அடித்தால் எத்தனை தோய்ச்சல் (காய்ச்சியதைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவது) கொடுத்தாலும் வளையும். உங்கள் வளைகிற உளிக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அடித்து முடித்ததும் வாய்ப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவாகக் காய்ச்சுங்கள். ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடிக்கடி தொட்டுப் பாருங்கள். இரும்பு 770 டிகிரியை ஒட்டிக் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு சாயல் ஏறவிட்டு எடுத்து, வாயின் இரண்டு சென்டிமீட்டரை மட்டும் தோய்த்து, மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரே மட்டத்தில் பிடித்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். எண்ணெயா தண்ணீரா என்பது எஃகின் ரகத்தைப் பொறுத்தது, பழைய வண்டி வில்பட்டைக்கு எண்ணெய் போதும்.

வெளியே எடுத்ததும் ஒரு கல்லால் ஒரு பக்கத்தைப் பளபளவென்று தேயுங்கள். மேலே மிச்சமிருக்கிற சூடு கீழே இறங்கும். அதோடு நிறங்களும் வரிசையாக இறங்கும், முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், பின்னாலேயே நீலம். ஏறக்குறைய 220 டிகிரியில் ஆரம்பித்து 300க்குள் எல்லாம் முடிந்துவிடும். இரும்பு வெட்டுகிற உளிக்குக் கத்தரிப்பூ நிறம் வாயைத் தொட்டு நீலமாகத் திரும்புகிற கணத்தில் முழுவதையும் தோய்த்துவிடுங்கள். வைக்கோலிலேயே நிறுத்தினால் வாய் உடையும், நீலம் தாண்டிச் சாம்பலுக்குப் போனால் மடங்கும். நான் மாணவர்களை இதை ஐந்து முறை வெறுமனே பார்க்கச் சொல்வேன், ஆறாவது முறைதான் தோய்க்க விடுவேன்.

சூட்டுக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் உருக்கையே எடுத்துக்கொள்ளலாம். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1820ஐ ஒட்டிய வருடங்களில், கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, இந்தியாவிலிருந்து போன உருக்கை ஆராய்ந்து அதுபோல் செய்து பார்க்க முயன்றார். அந்த உருக்கில் கார்பன் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாதாரண இரும்பு என்று நினைத்து வெள்ளைச் சூட்டில் அடித்த ஐரோப்பியக் கொல்லர்களுக்கு அது சுத்தியலுக்கடியில் நொறுங்கிப்போனது. சிவப்பிலேயே பொறுமையாக அடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது வாள் ஆனது.

கேள்வி: 15 வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். ஒரு கைவினைப் பள்ளியில் முழுநேர ஆசிரியர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? போனால் தொழில் கெட்டுப்போகுமா?

நான் போனேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பயிற்சி நிறுவனத்தில் முழுநேரமாகச் சேர்ந்து என் பட்டறையை மூடி வைத்தேன். 16 மாணவர்களுக்கு இரண்டு உலை. ஒருவர் அடிக்கும்போது ஏழு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கூடுதல் உலை கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள், அடுத்த வருடம் மாணவர்கள்தான் கூடினார்கள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. இரண்டு வருடம் கழித்து ஒரு சாளரக் கம்பி வேலை வந்தபோது, சுருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மாதிரி செய்து காட்டுவது வேறு, ஒரே அளவில் நாற்பது செய்வது வேறு. நாற்பது செய்கிற கை என்னிடமிருந்து போயிருந்தது. திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று.

அதனால் என் பதில் இது. போங்கள், ஆனால் வாரத்தில் மூன்று நாளுக்குப் போங்கள், மற்ற நாட்களில் உங்கள் உலை எரியட்டும். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பள்ளிப் பட்டறையிலேயே வெளி வேலை எடுத்து மாணவர்களை வைத்துச் செய்ய அனுமதி கேளுங்கள். ஒரு உலைக்கு எத்தனை பேர் என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள், இரண்டு பேர் நல்லது, மூன்றுக்கு மேல் வேண்டாம்.

ஃபிரான்சிஸ் விட்டேக்கர் என்ற அமெரிக்கக் கொல்லரைப் பாருங்கள். 1906இல் பிறந்தவர், பையனாக இருக்கும்போதே பிலடெல்ஃபியாவில் சாமுவேல் யெல்லினின் பட்டறையில் வேலை பழகினார், பிறகு ஜெர்மனிக்குப் போய்க் கற்றார், பல பத்தாண்டுகள் சொந்தப் பட்டறை. 80 வயதைத் தாண்டிய பிறகு கொலராடோவில் ஒரு பள்ளியில் தங்கி, அங்கேயே உலை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1999இல் இறந்தார். செய்துகொண்டே கற்பித்தவர், அதுதான் எனக்குப் பிடித்தது.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்துக் கொல்லர் பிலிப் சிம்மன்ஸ் இன்னொரு வகை. 1912இல் பிறந்து, 13 வயதில் பீட்டர் சிம்மன்ஸ் என்ற கொல்லரிடம் சேர்ந்தார். ஒரே குடும்பப் பெயர், ஆனால் உறவு இல்லை. அந்தக் குரு அடிமையாகப் பிறந்தவர். குதிரை வண்டி வேலை குறையக் குறைய, 1930களின் கடைசியில் பிலிப் அலங்காரக் கேட்டுகளுக்கு மாறினார். 500க்கும் மேற்பட்ட வேலைகள் செய்தார், 1982இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. அவருடைய பள்ளிக்கூடம் அவர் பட்டறைதான், உறவுக்காரப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று கற்றார்கள். எனவே பள்ளிக்குப் போனால்தான் ஆசிரியர் என்று இல்லை. உங்கள் பட்டறைக்கே இரண்டு பேரை அழைக்கலாம்.

பண விஷயத்தில் ஒன்று மட்டும். வகுப்புக் கட்டணமோ வேலைக் கூலியோ, அடித்த நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் நஷ்டம். அளவெடுக்கப் போனது, வரைந்தது, அரம் போட்டது, மெழுகு பூசியது, கொண்டுபோய்ப் பொருத்தியது எல்லாம் சேர்த்தால் பல நேரம் அடித்த நேரத்தைவிட அதிகமாக இருக்கும். ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: வெல்டிங் மெஷினும் பவர் ஹாமரும் வைத்திருந்தால் அது மரபு வேலை ஆகுமா? மாணவர்கள் கேட்கிறார்கள்.

பவர் ஹாமர் எனக்கு உறுத்தவில்லை. முன்பு சம்மட்டி அடிக்க இரண்டு பேர் நின்றார்கள், அந்த இடத்தில் இப்போது மெஷின், இரும்பு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது இன்னும் கொல்லர்தான். வெல்டிங் விஷயத்தில் வகுப்பறையில் நான் கண்டிப்பு. உலையில் காய்ச்சிப் பற்றவைப்பது, ரிவெட், கழுந்தும் துளையும் (ஒன்றின் முனையை மற்றதன் துளையில் பொருத்துவது), பட்டை கட்டுவது (இரண்டையும் சேர்த்து இரும்புப் பட்டையால் சுற்றுவது), இந்த நான்கையும் பழகாமல் மெஷினைத் தொட விடமாட்டேன். காரணம், இணைப்பை முதலிலேயே யோசித்தால்தான் வடிவமே ஒழுங்காக வரும். வெளி வேலையில் மெஷின் வைத்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் "முழுக்கக் கைவேலை" என்று விற்காதீர்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் செய்முறை வகுப்பு எடுக்கப் போகிறேன். பழைய தண்ணீர்க் குழாய்கள் நிறைய கிடக்கின்றன, அவற்றையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். தண்ணீர்க் குழாயில் துத்தநாகம் பூசியிருக்கும். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலை அதைவிடச் சூடு. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். பூச்சு இல்லாத புதுக் கம்பியை வாங்குங்கள், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிள்ளைகள் பருத்தி உடையில் வரட்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டும். மூடிய காலணி, கண்ணாடி, காதுக்கு அடைப்பான். காதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், என் இடது காதில் உயர்ந்த ஒலிகள் கேட்பதில்லை என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன். தரையில் கிடக்கிற எந்த இரும்பையும் கையில் எடுக்கக் கூடாது, புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பதை முதல் பாடமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சான்றிதழ் இல்லாமல் ஆசிரியராக முடியுமா?

சில இடங்களில் கேட்பார்கள், பல இடங்களில் உங்கள் வேலையைத்தான் பார்ப்பார்கள். லண்டனில் கொல்லர்களுக்கென்று இருக்கிற பழைய கில்டுகூட (தொழில் சங்கம்), செய்த வேலையைப் பார்த்துத்தான் வெண்கலம், வெள்ளி என்று பதக்கம் கொடுக்கிறது. பத்து நல்ல பொருள்களோடு, உங்களிடம் கற்றவர் செய்த இரண்டு பொருள்களையும் எடுத்துப் போங்கள்.

கேள்வி: அப்பா கொல்லர். வயதாகிவிட்டதால் நான்கு வருடமாகப் பட்டறை மூடிக் கிடக்கிறது. நான் வேறு வேலையில் இருக்கிறேன். இப்போது அவரிடம் கற்க ஆசை. கேட்டால் "இப்படித்தான், இதிலென்ன இருக்கு" என்கிறார், மேலே சொல்ல அவருக்கு வரவில்லை. எப்படிக் கற்பது?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பா மறைக்கவில்லை. அவருக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பக்கத்தில் நின்று பார், செய். அதனால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் வராது. கையில் குறட்டைக் கொடுத்தால் வரும்.

உலையைத் திறந்து முதலில் நீங்களே சுத்தம் செய்யுங்கள், அவரை அழைக்காமல். துருத்தி தோலாக இருந்தால் நான்கு வருடத்தில் காய்ந்து வெடித்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் ஊறவிடுங்கள். குறடுகளை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாகத் தரையில் வையுங்கள். அப்புறம் அவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, இது எதற்கு என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு குறட்டின் வாயும் ஏதோ ஒரு வேலைக்காக வளைத்ததாக இருக்கும். அந்த வேலையின் பெயர் வரும், அது யாருக்காகச் செய்தது என்று வரும், ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார்.

பிறகு நீங்கள் அடியுங்கள், அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். தவறாக அடிக்கும்போது அவருக்குப் பொறுக்காது, "சூடு போயிருச்சு, உள்ளே வை" என்று சத்தம் போடுவார். உங்களுக்கு வேண்டிய பாடம் அதுதான். அந்த நிமிடம் கம்பியின் நிறத்தைப் பார்த்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அடிக்க முடிகிற நாளில் போனில் படம் எடுத்தால் முகத்தை எடுக்காதீர்கள், இடது கையை எடுங்கள். இரும்பைத் திருப்புகிற கை அதுதான், யாரும் கவனிக்காத கையும் அதுதான். நான் என் குருவின் வலது கையை மட்டும் பார்த்து இரண்டு வருடம் வீணாக்கினேன்.

அவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எழுதவில்லை. தினம் அரைமணி நேரம் போதும், கரிப்புகை நேராக அவர் முகத்துக்கு வராத இடத்தில் நாற்காலியைப் போடுங்கள். முதல் வேலையாக அவர் பழைய குறடு ஒன்றைப் போலவே இன்னொன்று அடித்துப் பாருங்கள், இரண்டு பாதியும் ஒன்றுபோல் வரும்வரை. ரிவெட்டை மட்டும் அவர் கையால் அடிக்கச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் எழுதுங்கள், எந்தக் குறடு எதற்கு என்று அப்பா சொன்னதையும் சேர்த்து.